மாவுக்கட்டு முழம்

எழுபதுகளின் பிற்பகுதியில் காரைக்காலில் எடை அளவு அலுவலகத்தில் உதவியாளனாகப் பணியாற்றினேன். படிக்கற்களையும் லிட்டர் குவளைகளையும் சோதித்து முத்திரை அடிப்பதே எங்கள் வேலை. மரக்காலும் படியும் சட்டப்படி ஒழிந்து பல ஆண்டுகள் ஆகியிருந்தன. ஆயினும் கடைத்தெருவில் ஓர் அளவை மட்டும் நாங்கள் தொட்டதேயில்லை. அது பூக்காரியின் முழம். கைக்கு எவ்வாறு முத்திரை அடிப்பது?

அந்த முழத்தின்மீதே ஒருநாள் மனு வந்தது. கொடுத்தவர் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து ஓய்வுபெற்றுத் தலத்தெருவில் வாழ்ந்தவர். ஊரார் அவரைப் பிரெஞ்சு மரியாதைச் சொல்லால் ‘முசே’ என்றே அழைப்பர்.

“மீட்டரக் கண்டுபுடிச்சதே பிரான்சுதான்யா! அங்கேர்ந்து பென்ஷன் வாங்குற எனக்கே அளவுல கைவைக்கிறா!” என்று மேசையைத் தட்டினார்.

ஆய்வாளர் என்னை அனுப்பினார். பூக்கடையில் வழக்கமாக அளந்து கொடுக்கும் பூக்காரி செல்லம்மாள் இல்லை. வழுக்கி விழுந்து வலக்கை முறிந்ததால், மாவுக்கட்டுடன் வீட்டில் இருந்தார். மருமகள் வசந்தா பூ அளந்துகொண்டிருந்தார். மாமியார் நெடிய உருவம், மருமகள் குள்ளம். குற்றம் அவ்வளவே.

“எங்க அத்த கை அது, எங்கை இது. இழுத்தா நீளுமா சார்? நேத்து ஒரு கல்யாண ஆர்டரும் போயிடுச்சு. இப்படியே போனா கடையைக் கட்டிட வேண்டியதுதான்” என்றார் வசந்தா.

மறுநாள் சென்றபோது பூ வைக்கும் பலகையில் இரண்டு ஆணிகள் இருந்தன. மாமியாரின் இடக்கையை வைத்து அளந்து வசந்தா அடித்தாராம். நேர்மையான ஏற்பாடுதான். ஆனால் அப்போதுதான் அது சட்டப்படி குற்றமாயிற்று. கை, கருவி அன்று. ஆணியடித்த பலகையோ முத்திரையில்லாத அளவுகோல். நானே ஆணிகளைப் பிடுங்கினேன்.

“கையால அளந்தா குறையுதுங்கிறாங்க. ஆணியால அளந்தா குத்தங்கிறீங்க. எதாலதான் சார் அளக்குறது?”

“மீட்டர் கோல் வாங்கிக்கம்மா.”

“சாமிக்கு அரை மீட்டர் பூ குடுங்கன்னு உங்க வீட்டுல கேப்பாங்களா?”

என் மனைவியும் முழக்கணக்கில்தான் வாங்கினாள்.

வெள்ளிக்கிழமை கடையைச் சுற்றிக் கூட்டமாக இருந்தது. எட்டிப் பார்த்தேன். செல்லம்மாளே வந்து அமர்ந்திருந்தார். முழங்கை மடங்கியவாறு மாவுக்கட்டு இறுகியிருந்த கையைப் பலகைமேல் கிடத்தியிருந்தார். விரல்கள் மட்டும் வெளியே நீட்டியிருந்தன. வசந்தா சரத்தை அக்கையின்மேல் படுக்கவைத்து அளந்து, அறுத்துக் கொடுத்தார்.

“வாங்க தம்பி! இதையும் புடுங்கிட்டுப் போகவா வந்தீங்க?” என்றார் செல்லம்மாள். கூட்டம் சிரித்தது.

முசே அளவு நாடாவுடன் வந்து தாமே அளந்து பார்த்தார். முழங்கைப் பக்கம் கட்டின் கனம் ஒரு விரற்கடையைக் கூட்டியிருந்தது. “ம், இதுதான் முழம்!” என்று இரண்டு முழம் வாங்கிச் சென்றார். அன்றே ஒரு கல்யாண ஆர்டரும் வந்தது.

“கட்டுப் போட்டது கையாய்யா, கருவியாய்யா?” என்று ஆய்வாளர் கேட்டார்.

“அது ஆஸ்பத்திரி போட்ட கட்டு சார். நம்ம டிபார்ட்மென்ட் இல்ல” என்றேன். மனு முடிந்தது.

கட்டுப் பிரித்த வாரமே முசே மறுபடியும் வந்தார். “திரும்பவும் கொறச்சுட்டாய்யா!”

இம்முறை குறைந்திருந்தது செல்லம்மாளின் சொந்தக் கை! செய்தியைச் சொன்னதும் அவர் விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு சரத்தை மருமகளிடம் நீட்டினார்.

“இந்தாடி, இனிமே நீயே அள. ஒங்கையி, அதுக்கு மேல நாலு விரலு. ஒருத்தன் வாய் தொறக்கமாட்டான்.”

அவ்வாறே ஆயிற்று. நான் ஓய்வுபெறும் வரையில் அக்கடையின் முழம் மாவுக்கட்டின் நீளமாகவே இருந்தது. இத்துறைக்கு வரும் இளையோர்க்கு நான் சொல்லக்கூடியது இதுவே: கொசுறு நான்கு நாள் நிலைத்தால் அதுவே அளவாகிவிடும். பிறகு அதைக் குறைக்க எந்த ஆய்வாளராலும் ஆகாது.