தொட்டியக்காவின் பசங்க

வேலைக்கு வந்ததும் அக்கா, பையைக்கூடக் கீழே வைக்காமல், மூன்றாம் தொட்டியின் எஃகுச் சுவரில் உள்ளங்கையைப் பதிக்கிறார். பக்கத்திலேயே வெப்பமானி நாற்பது காட்டுகிறது. அவர் அதைத் திரும்பியும் பார்ப்பதில்லை. கைக்குச் சூடு தெரிந்த பிறகுதான் பை ஆணிக்குப் போகும். இந்தச் செம்புச் சுரங்கத்தில் அவருக்குத் தொட்டியக்கா என்று பெயர். அவரைவிட மூத்தவரான மேலாளரும் அப்படித்தான் கூப்பிடுகிறார். கிடங்கைப் பார்த்துக்கொள்ளும் நானும்தான்.

தொட்டிக்குள் இருப்பது, செம்பை எடுத்துவிட்டு வேண்டாமென்று கொட்டிய கழிவு. வெளியே அது சாம்பல் குன்றாகக் கிடக்கிறது. அதற்குள் கோபால்ட் ஒளிந்திருக்கிறது. பேட்டரி செய்கிறவர்கள் அலைந்து தேடும் உலோகம் அது. அதை வெளியே கொண்டுவருவது கண்ணுக்குத் தெரியாத கிருமிகள். கல்லைத் தின்று உலோகத்தைத் தண்ணீரில் விடும், தின்னும்போது சூடு கிளம்பும். ஆய்வுக்கூடத்தில் அவற்றுக்கு வாயில் நுழையாத ஒரு பெயர் உண்டு. அக்காவுக்கு அவை "நம்ம பசங்க". விடுப்பில் இருந்தாலும் மத்தியானம் போன் வந்துவிடும்: "பசங்க சாப்ட்டாங்களா?"

அக்காவின் கணவர் இங்கே லாரி ஓட்டுகிறார். குன்றில் பாதி அவர் கொட்டியது. "இருபது வருஷமா நீங்க கொட்டுனீங்க, இப்ப நான் அள்ளிக்கிட்டு கெடக்கேன். வீட்டுலயும் இதே கதைதான்" என்று அக்கா அவரை எல்லார் முன்னாலும் வாருவார். மனிதர் சிரித்துக்கொண்டே வண்டியில் ஏறிவிடுவார்.

போன மாதத் தொடக்கத்தில் மூன்று தொட்டிகளும் குளிர்ந்துபோயின. அமிலத்தைக் கூட்டினார்கள், காற்றைக் கூட்டினார்கள், ஒன்றும் நடக்கவில்லை. மாதக் கடைசிக்குள் கோபால்ட் வராவிட்டால் தொட்டிகளைக் கழற்றிவிட்டுக் குன்றை மண் போட்டு மூடிவிடுவதென்று மேலாளர் முடிவு செய்தார். தொட்டிகளை நம்பியிருந்த பதினோரு பேரும் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். அக்கா இரண்டு நாளும் தொட்டிக்குத் தொட்டி உள்ளங்கையை வைத்துப் பார்த்துக்கொண்டே திரிந்தார்.

மூன்றாம் நாள், குழாயடியில் முகம் கழுவியவர் அப்படியே நின்றுவிட்டார். தண்ணீரில் கிருமி கொல்லும் மருந்தின் வாடை. சுரங்கக் குழியில் தேங்கும் செந்நிறத் தண்ணீரைப் பசங்களுக்குக் கொடுக்க மனசு வராமல், தொட்டிகளுக்குக் குடிநீர் இணைப்பு வேண்டுமென்று சண்டை போட்டு வாங்கியவர் அவரேதான். அதெல்லாம் தொட்டிகள் குளிர்வதற்கு முந்தைய வாரம் நடந்தது. புதுக் குழாயை எடுத்துக் கொடுத்தவன் நான். எனக்கும் சுருக்கென்றது.

அக்கா நேராக மேலாளர் அறைக்குப் போனார்.

"சார், பாசத்துல நானே பசங்களுக்கு வெஷம் வச்சிட்டேன். அதுங்க அந்த அழுக்குத் தண்ணியில பொறந்ததுங்க. இன்னும் மூணு வாரத்துக்கு மேல இருக்குல்ல, என்கிட்ட விடுங்க."

மறைத்திருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. அவர்மேல் எனக்குப் பெரிய மரியாதை வந்தது அன்றைக்குத்தான்.

குழித் தண்ணீர் திரும்பி வந்தது, அதோடு புதுக் கிருமிகளும் வந்தன. இரண்டாம் வாரம் சுவர் வெதுவெதுத்தது. மூன்றாம் வாரம் காய்ச்சல்காரனின் நெற்றியைத் தொட்ட மாதிரி இருந்தது. கெடு முடிகிற நாளுக்கு முந்தைய நாள் காலை, சுண்ணாம்புத் தூள் போட்டு இரும்பைப் பிரித்த தண்ணீர், கண்ணாடிக் குடுவையில் ரோஜா நிறத்தில் நின்றது. கோபால்ட் வந்துவிட்டால் அந்த நிறம்தான். ஆய்வுக்கூடத்துப் பெண் இரண்டு முறை அளந்தாள். முன்பு எப்போதும் வந்ததைவிட அதிகம். பதினோரு பேரும் போட்ட கூச்சலில் கல் அரைக்கும் இயந்திரத்தின் சத்தமே காதில் விழவில்லை. நானும் கத்தினேன், ஏன் பொய் சொல்ல வேண்டும்?

குடுவையோடு அக்கா மேலாளர் அறைக்கு நடந்தார். நாங்கள் எல்லாரும் பின்னால். மேசைமேல் தொட்டிகளைக் கழற்றும் உத்தரவு விரிந்திருந்தது, மேலாளர் கையில் திறந்த பேனா. குடுவை அந்த உத்தரவின்மேல் உட்கார்ந்தது. அக்கா அவர் விரல்களுக்கிடையிலிருந்து பேனாவை மெல்ல உருவி, மூடியைப் போட்டு, அவருடைய சட்டைப் பையிலேயே செருகிவிட்டார்.