பொருந்தாத கோடுகள்

பக்கத்து வீட்டு நூர்ஜஹான் அக்கா நோன்பு திறக்கும் நேரத்தில் ஒரு தட்டுக் கடல்பாசி கொடுத்துவிட்டுப் போனார். ஸ்பூன் பட்டதும் லேசாக ஆடியது. எனக்குச் சாப்பிடத் தோன்றவில்லை. கையுறையைத் தேடத் தோன்றியது. சிரிக்காதீர்கள். தடயவியல் ஆய்வகத்தில் வேலைக்குச் சேர்ந்த புதிதில் நாங்கள் தினமும் காய்ச்சியது கிட்டத்தட்ட இதைத்தான், பாலும் சர்க்கரையும் இல்லாமல்.

கடல்பாசியிலிருந்து எடுத்த பொடியைக் காய்ச்சித் தட்டில் ஊற்றினால் கட்டியாகிவிடும். அதுதான் ஜெல். ஓரத்தில் சீப்பு பதித்து எடுத்த சின்னச் சின்னக் குழிகள். அவற்றில் டிஎன்ஏவை நீலச் சாயத்தோடு விட்டு மின்சாரம் பாய்ச்சினால், அது பிளஸ் பக்கம் நகரும். சின்னத் துண்டு முன்னே ஓடும், பெரியது பின்தங்கும். புற ஊதா விளக்கில் வைத்தால் ஆளுக்கு ஆள் வேறு வேறு இடத்தில் கோடுகள் ஒளிரும். முதல் வாரம் நான் ஒயரை மாற்றிச் செருகிவிட்டேன். டிஎன்ஏ பின்பக்கமாக ஓடி, ஜெல் மூழ்கியிருந்த தண்ணீரோடு போய்விட்டது. "ஏம்மா, திண்டுக்கல்லுல எல்லாரும் பின்பக்கமாத்தான் நடப்பீங்களா?" என்றார் மேலதிகாரி.

என் ஊரான திண்டுக்கல் என்றதும் பக்கத்து ஆத்தூர் ஆரோக்கியமேரி அம்மா நினைவுக்கு வருகிறார். திருப்பூருக்கு வேலைக்குப் போன அவர் மகன் சேவியரிடமிருந்து இரண்டு வருடமாகத் தகவல் இல்லை. ஒரு கோடையில் நீர்த்தேக்கம் வற்றியபோது எலும்புகள் கிடைத்தன, கூடவே கட்டம் போட்ட சட்டை. "எம்மகன் சட்டதான்" என்று அந்த அம்மா சொல்லிவிட்டார். பூசை வைத்து அடக்கமும் முடிந்தது. ஒரு பல்லும் தொடை எலும்புத் துண்டும் மட்டும் அம்மாவின் ரத்தத்தோடு எங்களிடம் வந்தன.

பிள்ளைக்கு இரண்டு கோடு என்றால் ஒன்று தாய் தந்தது, மற்றது தந்தை தந்தது. இங்கே தாயின் கோடு எலும்பின் வரிசையில் இல்லை. ஓர் இடத்தில் மட்டும் என்றால் எங்கள் பிழையோ என்று சந்தேகப்படலாம். நான்கைந்து இடத்தில் பொருந்தவில்லை. மறுபடியும் ஓட்டினோம். இல்லை. எனக்குச் சந்தோஷம் வந்தது. வந்த கையோடு குழப்பமும் வந்தது. எதற்காகச் சந்தோஷம்?

நான் ஊருக்கு வந்திருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, கோயில் ஆட்கள் சொல்லி அந்த அம்மா என்னைத் தேடி வந்தார். கையில் போலீஸ் ஸ்டேஷனில் கொடுத்த அறிக்கை நகல்.

"படிச்சுச் சொன்னாக தாயி. ஒண்ணும் வெளங்கல."

"அது சேவியர் இல்லம்மா."

"அப்ப எம்புள்ள உசுரோட இருக்கானா?"

"அது இதுல தெரியாதும்மா. அடக்கம் பண்ணது அவன் இல்ல. அம்புட்டுத்தான் சொல்ல முடியும்."

எழுந்தார், உட்கார்ந்தார், மறுபடி எழுந்தார். சிரிக்கப் போனவருக்கு உதடு கோணி அழுகை வந்தது. "அப்ப அம்புட்டு அழுகையும் யாருக்கு அழுதேன்? அந்தக் குழியில கெடக்குறது எவ பெத்த புள்ள?"

காபி போடட்டுமா என்று கேட்டேன். அதைவிட அசட்டுத்தனமான கேள்வியை என் வாழ்நாளில் கேட்டதில்லை.

வாசல்வரை போனவர் திரும்பினார். "சிலுவையில எம்மகன் பேரு இருக்கு. அத அழிச்சுப்புடுறேன். மெழுகுதிரி மட்டும் ஏத்திக்கிட்டே இருப்பேன். அங்க கெடக்குறவன் ஆத்தாவுக்கு எடம் தெரியாதுல்ல, பாவம்."

கல்லறைத் திருநாளன்று போய்ப் பார்த்தேன். பெயர் இருந்த இடத்தில் புது வெள்ளைப் பெயின்ட். கீழே மெழுகுதிரி எரிந்துகொண்டிருந்தது. அம்மா திருப்பூர் பஸ் ஏறி மகனை விசாரிக்கப் போயிருக்கிறார் என்றார்கள்.

இப்போது இந்த வேலைக்கு ஜெல் காய்ச்சுவதில்லை. தலைமுடி போன்ற குழாயில் டிஎன்ஏ ஓடுகிறது; கணினி குன்று குன்றாகக் கோடு வரைந்து தருகிறது. நீலச் சாயம் நகர்வதைப் பார்த்துக்கொண்டு நின்ற அந்த நேரம் போய்விட்டது. ஆரோக்கியமேரி அம்மாவும் இறந்துபோய்விட்டார். மகன் வந்தானா என்று தெரிந்துகொள்ளப் போன மாதம் ஆத்தூருக்குப் போனேன். அந்த வீட்டில் வேறு யாரோ குடியிருந்தார்கள்.

"எந்தச் சேவியருங்க?" என்று கேட்டார்கள்.