பெட்டியின் விளிம்பில் நின்ற கோடு

2005ஆம் வருடம், கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் இருந்த ஒரு இரும்புக்கம்பி ஆலையின் மின்பராமரிப்பு ஆபீசில் சர்ஃபராஸ் வேலை பார்த்தான். பழவேற்காட்டு வியாபாரக் குடும்பத்தில் பிறந்தவன். இறால் ஏவாரம் பிடிக்காமல் டிப்ளமா முடித்து வந்திருந்தான். ஆலையின் மின்பாதையைப் படமாக்கிக் கொடுப்பது அவன் பொறுப்பு. கையால் வரைவதில்லை, டைப் அடிப்பான். ஷெட்டின் பெயரைப் போட்டு, அடைப்புக்குறிக்குள் அதன் மோட்டார்களை எழுதுவான். எந்தப் பேனலிலிருந்து எந்த மோட்டாருக்குக் கரண்ட் போகிறதோ, அந்த இரண்டு பெயருக்கும் நடுவில் ஓர் அம்புக்குறி. ஷெட்டைப் பெட்டியாகவும் அம்பைக் கோடாகவும் கம்ப்யூட்டர் வரைந்துவிடும்.

மேனேஜர் ஆதிநாராயணனுக்குப் படம் பிடிக்கவில்லை. ஆய்வுக்கு வருகிறவர்கள் கண்ணுக்கு நூல்கண்டு மாதிரி தெரியும், கோடெல்லாம் உள்ளே மோட்டார்வரை போகாமல் பெட்டியோடு நிற்கட்டும் என்று மெயில் அனுப்பினார். மூன்றாம் ஷெட்டுக்கு இரண்டு பேனலிலிருந்து கரண்ட் வருகிறது, எது எதற்கென்று தெரியாமல் போய்விடும் என்று சர்ஃபராஸ் சொல்லிப் பார்த்தான். அவர் முறைத்தார். அவனும் ஒவ்வொரு அம்புக்குப் பக்கத்திலும் விளிம்பில் நிற்கச் சொல்லி ஓர் உத்தரவைச் சேர்த்தான். படம் பளிச்சென்று சுவரில் ஏறியது.

பதினோராம் நாள் காலை, மூன்றாம் ஷெட்டில் கிரேன் மோட்டாரைப் பழுது பார்க்க எலக்ட்ரீஷியன் குப்புராஜ் ஏறினார். படத்தில் பெட்டியோடு நின்ற இரண்டு கோடுகளில் முதலாவதுதான் கிரேனுக்கு என்று நினைத்து முதல் பேனலை அணைத்திருந்தார். கிரேனின் விளக்கு அணைந்ததும் நம்பிவிட்டார். மோட்டாருக்கு இரண்டாம் பேனலிலிருந்து கரண்ட் வந்துகொண்டிருந்தது. அது அவரை உதறி எறிந்தது. முப்பதடி கீழே கம்பிக் கட்டுகளின்மேல் முதுகு ஒடிந்து விழுந்தார். முதலில் ஓடிப்போய்த் தலையைத் தாங்கியவன் சர்ஃபராஸ்தான். ஆம்புலன்ஸ் வருவதற்குள் உயிர் போய்விட்டது.

ஆலை கொதித்தது. ஆபீஸ் கண்ணாடிகள் நொறுங்கின. யாரோ மேனேஜரின் சட்டையைப் பிடித்து வெளியே இழுத்தார்கள். அவர் திரும்பி சர்ஃபராஸைக் காட்டினார்.

"படம் போட்டவன் அவன்தான்."

இரும்புக் குழாயால் அடித்தார்கள். குப்புராஜின் ரத்தம் காயாத சட்டையில் அவன் ரத்தமும் சேர்ந்தது. தோள் எலும்பு முறிந்தது. போலீஸ் வந்துதான் பிரித்தார்கள்.

மூன்றாம் நாள் ஆரம்பாக்கத்திலிருந்து குப்புராஜின் மனைவி செல்வி ஆஸ்பத்திரிக்கே வந்துவிட்டாள்.

"தப்பாப் பூடும்னு தெரிஞ்சிகினுதான் கோட்டை வெட்டினியா?"

"தெரியும்கா. ஒரு தபா சொன்னேன். அப்பறம் வாய மூடிக்கினேன்."

கட்டுப் போட்ட தோள் என்றும் பார்க்காமல் அறைந்தாள். நர்ஸ் வந்து தடுக்கும்வரை அறைந்தாள். அவன் முகத்தைத் திருப்பவில்லை.

தொழிற்சாலை ஆய்வாளரிடம் சர்ஃபராஸ் சுவரிலிருந்த படத்தைக் காட்டவில்லை. தான் டைப் அடித்ததைத் திறந்து காட்டினான். படத்தில் கோடு பெட்டியோடு நின்றது. எழுத்தில், இரண்டாம் பேனலிலிருந்து கிரேன் மோட்டாருக்கு என்று பெயரோடு இருந்தது. வெட்டச் சொன்ன உத்தரவும் அதற்குப் பக்கத்திலேயே இருந்தது. கூடவே மேனேஜரின் மெயில். தானும் அதற்கு உடந்தை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டான்.

அடுத்த வாரம், பட்டப்பகலில், ரயில்வே ஸ்டேஷன் பக்கத்துச் சந்தில் மூன்று பேர் அவனை மடக்கினார்கள். வலது கையைக் கல்லின்மேல் வைத்து மிதித்தார்கள். சாட்சி சொல்லக் கூடாது என்பதைத் தவிர வேறெதுவும் பேசவில்லை. விரல்கள் கோணலாகத்தான் கூடின. வேலையும் போயிற்று.

நாலு வருடம் கழித்து, திருவள்ளூர் கோர்ட்டில் இடது கையால் கையெழுத்திட்டுச் சாட்சி சொன்னான். ஆதிநாராயணனுக்கு ஒரு வருடம் ஜெயில், சர்ஃபராஸுக்கு அபராதம். வெளியே வந்தபோது செல்வி படியருகில் நின்றிருந்தாள். கடைசியாக அவர் ஏதாவது சொன்னாரா என்று கேட்டாள். இத்தனை நாளும் அதை அவன் யாரிடமும் சொன்னதில்லை.

"'பாய், ஊட்ல சொல்லாதே, பயந்துக்குவா'ன்னாருக்கா."

செல்வி மெல்லப் படியில் உட்கார்ந்தாள். சற்றுத் தள்ளி அவனும் உட்கார்ந்தான். அவள் போகச் சொல்லவில்லை.