அளவு ஜாக்கெட்டுகள் வீடு திரும்பிய தேர்தல்

ஊரில் யார் யாரை நம்புகிறார்கள் என்பது தையல்காரனுக்குத்தான் முதலில் தெரியும். தைக்கக் கொடுத்துவிட்டு என்னைப் போன்றவர்களின் கடைக்கு நாலு நடை நடந்து நொந்துபோன அன்பர்களே, உங்கள் வீட்டிலும் பழக்கம் இருக்கும். பெண்கள் நன்றாகப் பொருந்துகிற பழைய ஜாக்கெட் ஒன்றைக் கடையிலேயே விட்டு வைப்பார்கள். ஒவ்வொரு முறையும் அதை வைத்து அளவு பார்த்துக்கொள்வோம். அந்த அளவு ஜாக்கெட் எங்கள் ஆணியில் தொங்குகிற வரைக்கும் அந்த வீடு எங்கள் வீடு.

கடை கள்ளக்குறிச்சி துருகம் ரோட்டில். எங்கள் என்றால் நானும் காசியும். அவன் வெட்டுவான், நான் தைப்பேன். நான் ஊர்த் தெரு, அவன் காலனி. வெகு காலம் இது ஒரு விஷயமாகவே இல்லை. எங்கள் தெரு ஆட்களின் சாதிச் சங்கம் இட ஒதுக்கீடு கேட்டு ரோட்டில் மரத்தை வெட்டிப் போட்ட வருஷங்களில் அது விஷயமாகிவிட்டது. போதாக்குறைக்குப் பாராளுமன்றத் தேர்தலும் வந்து சேர்ந்தது. ஓட்டுப் போடுகிற நாள் வரை கடையைச் சேர்ந்தே ஓட்டிவிட்டால் அப்புறம் எல்லாம் அடங்கிவிடும் என்று இரண்டு பேரும் பேசி வைத்துக்கொண்டோம்.

கொடிகளின் அடுக்கு

தேர்தல் அறிவித்ததும் கொடி தைக்கிற வேலை குவிந்தது. எல்லாக் கட்சிக்கும் ஒரே மேஜை, ஒரே கத்தரிக்கோல். ஒரு கட்சியின் நகரப் பொறுப்பாளர் வந்து பார்த்தார். தன் கொடிக் கட்டின் மேல் எதிர்க்கட்சிக் கட்டு இருந்தது பொறுக்கவில்லை, முகம் கறுத்துவிட்டது. அதை எடுத்துக் கீழே வைத்தேன். மதியம் அந்த எதிர்க்கட்சிக்காரர் வந்தார். மறுபடி மாற்றினேன். காலில் மெஷினை மிதித்ததைவிடக் கையில் கட்டைத் தூக்கி மாற்றியதுதான் அன்றைக்கு அதிகம். காசி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தான்.

அடுத்த வாரம் இரண்டு கட்சிக்கும் மேலிடத்தில் கூட்டணி ஆகிவிட்டது. பொறுப்பாளர்கள் இரண்டு பேரும் ஒரே ஸ்கூட்டரில் வந்து இறங்கினார்கள். பின்னால் உட்கார்ந்து வந்தவர் சொன்னார்: "ரெண்டையும் சேத்து ஒரே கொடியா தெச்சுக் குடுங்க மாஸ்டர். துணி இன்னா சண்டையா போட்டுக்கப் போவுது."

சின்னசேலத்தில் கிடந்த மூட்டை

கொடித் துணி சேலத்திலிருந்து பஸ்ஸில் வர வேண்டும். மறியல் காரணமாக மூட்டை சின்னசேலத்தோடு நின்றுவிட்டது. எப்போதும் போய்த் துணி எடுத்து வருகிறவன் காசிதான். இந்த முறையும் சைக்கிளை எடுத்தான். அந்த ரோட்டில் அவனை அனுப்ப எனக்கு மனசு வரவில்லை. பயமாக இருந்தது என்றே வைத்துக்கொள்ளுங்கள். நான் போகிறேன் என்றேன். ஏன் என்று அவன் கேட்கவில்லை. கேட்டிருந்தால்கூடத் தேவலை.

திரும்பும்போது வழியில் ரோட்டின் குறுக்கே ஒரு புளியமரம் கிடந்தது, சுற்றி ஆட்கள். மூட்டையில் இருப்பது உங்கள் சங்கத்துக் கொடித் துணிதான், கொஞ்சம் வழி விடுங்கள் என்றேன். பிரித்துப் பார்த்தார்கள், அவர்கள் நிறம்தான். சந்தோஷப்பட்டார்கள், வழிதான் கிடைக்கவில்லை. கடைசியில் மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு வயல் வரப்பில் இறங்கிச் சுற்றி வந்தேன். சைக்கிளைத் தூக்கிக்கொண்டு கூடவே வந்து உதவிய ஒருவர் என்னைச் சமாதானப்படுத்தினார்: "கோச்சிக்காதீங்க. வெட்டிப் போடச் சொன்னாங்க, போட்டோம். எப்ப எடுக்கறதுன்னு யாரும் சொல்லல."

மலையிலிருந்து வந்த சட்டை

கல்வராயன் மலைக்காரர் ஒருவர் புளி விற்க இறங்கும்போதெல்லாம் எங்களிடம் வருவார். அன்றைக்கு அவர் அவிழ்த்த மூட்டையில் எல்லாக் கட்சிக் கொடியும் இருந்தது. பாதி நாங்கள் தைத்தவை. மலையேறிய ஜீப்புகள் கொடுத்துவிட்டுப் போயிருந்தன. பேரப்பிள்ளைகளுக்குச் சட்டை வேண்டுமாம். காசி கொடிகளைப் பரப்பி வைத்து, முதுகுக்கு ஒரு கட்சி, கைக்கு ஒரு கட்சி, பைக்கு ஒரு கட்சி என்று வெட்டினான். தைக்கும்போது எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அந்தக் கடையில் நாங்கள் சேர்ந்து சிரித்தது அதுதான் கடைசி.

அங்கே யாருக்கு ஓட்டு என்று கேட்டேன். பெரியவர் சட்டையை உதறிப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "ரோடு போடறேன்னு போன தடவையும்தான் வந்தாங்க. இந்தத் தடவ துணியாவது குடுத்தாங்க."

காலியான ஆணிகள்

பக்கத்துக் கிராமம் ஒன்றில் காலனிக் கூரைகள் எரிந்தன. அதற்குப் பிறகு எங்கள் தெருப் பெண்கள் ஒவ்வொருவராக வந்தார்கள். ஒருத்தி அம்மா வீட்டுக்குப் போகிறாளாம், ஒருத்தியின் மகள் தையல் கற்றுக்கொள்கிறாளாம். எல்லோரும் அளவு ஜாக்கெட்டை வாங்கிக்கொண்டு போனார்கள். காலனிப் பெண்களும் வந்து வாங்கிப் போனார்கள். என் பங்காளிகள் வந்து, அவனை அனுப்பிவிடு என்றார்கள். முடியாது என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி சொன்னேன். அவர்கள் கொடுத்திருந்த கொடித் துணியைச் சுருட்டிக்கொண்டு போனார்கள். அது காசி ஏற்கெனவே வெட்டி வைத்த துணி.

எதிர் வீட்டு அக்கா கல்யாணமாகி வந்த நாள் முதல் எங்களிடம்தான் தைத்தவர். அவரும் வந்து நின்றார். காசி எழுந்து அவருடைய ஜாக்கெட்டை எடுத்து, மடித்து, பேப்பரில் சுற்றி என்னிடம் நீட்டினான், நான் அவரிடம் கொடுத்தேன். நேராகக் கொடுத்தால் வாங்குவாரோ மாட்டாரோ என்று அவனுக்குச் சந்தேகம். அக்கா என்னைப் பார்த்தே பேசினார்: "வேலையில ஒரு கொறையும் இல்ல தம்பி. வூட்ல ஆம்பளைங்க கேட்டுக்கினே இருக்காங்க." காலையில் காலனியிலிருந்து வந்த பெண் காசியிடம் சொல்லிவிட்டுப் போனதும் எழுத்துப் பிசகாமல் இதேதான்.

ஓட்டுப் போட்ட மறுநாள்

விரலில் மை காயாமல் இரண்டு பேரும் கடைக்கு வந்தோம். அடங்கிவிடும் என்று சொன்ன நாள் வந்துவிட்டது. காசி பாக்கியிருந்த துணி எல்லாவற்றையும் வெட்டினான். பொங்கலுக்குக் கேட்டவர்களின் துணியைக்கூட விடவில்லை. ஒவ்வொன்றையும் தனித்தனியாகக் கட்டி அடுக்கிவிட்டு, கத்தரிக்கோலைத் துண்டில் சுற்றினான். ஆணியில் ஒரே ஒரு ஜாக்கெட் மிச்சம் இருந்தது. அது அவன் மனைவியுடையது. அதை எடுத்தான்.

நான் கையைப் பிடித்துக்கொண்டேன். இன்னும் ஒரு மாசம் பார்க்கலாம், ஜனங்கள் மறந்துவிடுவார்கள் என்று என்னென்னவோ சொன்னேன். அவன் கையை மெல்ல விடுவித்துக்கொண்டான். "நான் இருந்தா உன் ஆணி காலி, நீ இருந்தா என் ஆணி காலி. பிரிஞ்சிட்டா ரெண்டு பேரும் சோறு துன்னலாம். வுடு, பெங்களூர்ல கம்பெனியில ஆள் கேக்கறாங்க."

ஓட்டு எண்ணி, ஜெயித்தவரும் தோற்றவரும் ஒரு கல்யாணத்தில் ஒரே பந்தியில் சாப்பிட்டு, அளவு ஜாக்கெட்டுகளும் ஒவ்வொன்றாக என் ஆணிக்குத் திரும்பி வந்துவிட்டன. வெட்டத்தான் ஆள் இல்லை.