கோமாளி மீனும் செப்புக்குடமும்

போன வாரம் பல் மருத்துவரைப் பார்க்கப் போயிருந்தேன். தஞ்சாவூரில் இப்போது தெருவுக்குத் தெரு பல் மருத்துவர்; நம் பற்களுக்கு என்ன ஆயிற்றோ தெரியவில்லை. காத்திருக்கும் அறையில் ஒரு கண்ணாடித் தொட்டி. உள்ளே ஆரஞ்சு உடம்பில் வெள்ளைப் பட்டை போட்ட கோமாளி மீன்கள். எல்லோரும் மீனைப் பார்த்தார்கள், நான் தொட்டியின் விளிம்பைப் பார்த்தேன். அங்கே உப்பு வெள்ளையாகப் பூத்திருந்தது. விரலால் சுரண்டி நாக்கில் வைத்துக்கொண்டேன். வரவேற்பில் இருந்த பெண், "சார், அதெல்லாம் தொடாதீங்க" என்றாள். பல் வலியோடு வந்த ஆள் தொட்டியை நக்கினான் என்று வீட்டில் போய்ச் சொல்லிச் சிரித்திருப்பாள்.

அந்த உப்பு எங்கள் வீட்டிலும் பூத்தது. வயலில் முதலில், கூடத்தில் பிறகு.

அப்போது நான் ஒரு கல்லூரியின் வேதியியல் ஆய்வகத்தில் உதவியாளன். மருத்துவக் கல்லூரிச் சாலைப் பக்கம் தனியாக வாடகை வீடு. என்னைவிடச் சில வயது மூத்தவரான ரஹீம் பாய், துபாயில் பெரிய ஓட்டல்களின் மீன்தொட்டிகளைப் பராமரித்துவிட்டு ஊர் திரும்பி, அதிராம்பட்டினத்தில் செல்போன் கடை வைத்திருந்தார். ஒரு போன் வாங்கப் போனவன் அவர் கடையில் இருந்த தொட்டியைப் பார்த்தேன். அதோடு போனை மறந்தேன். நமக்கு ஒன்று பிடித்துவிட்டால் அப்படித்தான், புத்தி அடகுக்குப் போய்விடும்.

கடல் தண்ணீரைக் கரையில் மொள்ளக்கூடாது, கலங்கலாக இருக்கும். பாய் படகுக்காரர்களிடம் சொல்லி உள்ளேயிருந்து கேன் கேனாகக் கொண்டுவரச் செய்வார். நான் பஸ்ஸில் ஏற்றி வருவேன். ஒருமுறை கண்டக்டர் கேனை முட்டிக்காலால் தட்டி, "என்ன சரக்கு?" என்றார். சொன்னேன். நம்பாமல் மூடியைத் திறக்கச் சொல்லி முகர்ந்து பார்த்தார். "ஏன் சார், ஊரே ஆத்துத் தண்ணிக்கு அடிச்சுக்கிட்டுக் கெடக்கு, நீங்க கடல் தண்ணிய டிக்கெட் போட்டுத் தூக்கிட்டுப் போறீங்க!" பஸ் முழுக்கச் சிரித்தது. நானும் சிரித்தேன்.

தண்ணீரை ஊற்றி மீனை விட்டுவிட முடியாது. "தண்ணி பழுக்கணும் தம்பி" என்பார் பாய். கல்லிலும் மணலிலும் கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் குடியேற வேண்டும். மீன் கழிக்கும் நஞ்சை அவைதான் தின்று தீர்க்கும். வாரக்கணக்கில் வெறும் கல்லையும் தண்ணீரையும் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கல்யாணம் ஆகாதவனுக்கு வேறென்ன வேலை? பழுத்த பிறகு ஒரு ஜோடி கோமாளி மீனும் ஒரு கடல் சாமந்தியும் வந்தன. பெயர்தான் சாமந்தி, அது பூ இல்லை, பிராணி. கல்லைப் பிடித்துக்கொண்டு விரல் விரலாக அசையும். மற்ற மீன் தொட்டால் அந்த விரல்கள் சுட்டுவிடும், கோமாளி மீனுக்கு மட்டும் அதுதான் வீடு. உள்ளே புகுந்து புரண்டு படுத்துக்கொள்ளும்.

அந்தக் கோடையில்தான் அப்பாவும் அம்மாவும் என்னோடு வந்து சேர்ந்தார்கள். எங்கள் ஊர் பட்டுக்கோட்டைக்குத் தெற்கே, கடலுக்குப் பக்கத்தில். காவிரித் தண்ணீர் வந்தால் கடைசியாக வரும் கடைமடை. வயலுக்கு அடுத்து இறால் பண்ணை போட்டுக் கடல் தண்ணீரைக் கட்டி நிறுத்தியிருந்தார்கள். அது கசிந்து கசிந்து எங்கள் நிலம் வெளுத்துப்போனது. பிறகு கிணறும் உப்புக் கரித்தது. அப்பா மனுக் கொடுத்தார். ஆட்சி மாறியதும் அதே மனுவை மறுபடி கொடுத்தார். எல்லாக் கட்சிக்காரர்களும் மரியாதையாகவே வாங்கிக்கொண்டார்கள். சாலை மறியலில் உட்கார்ந்தவர்களைப் போலீஸ் அள்ளிக்கொண்டுபோய்க் கல்யாண மண்டபத்தில் வைத்து, எலுமிச்சம்பழச் சாதம் போட்டுச் சாயங்காலம் விட்டுவிட்டது. "சாதம் நல்லாத்தான் இருந்துச்சு" என்றார் அப்பா. கோபமெல்லாம் எப்போதோ வற்றிவிட்டிருந்தது.

பண்ணைக்காரர் நிலத்தைக் கேட்டுக்கொண்டே இருந்தார். அப்பா கொடுக்கவில்லை. அவருக்கு ஒரே ஒரு கணக்கு. "ஒரு வருசம் ஆத்துத் தண்ணி நெறையா வந்து, கட்டிவச்சுக் கட்டிவச்சு வடிச்சா, உப்பு கழுவிக்கிட்டுப் போயிடும்." வருசா வருசம் மேட்டூர் திறப்பார்கள், கடைமடைக்கு ஈரம் மட்டும் வந்து சேரும். அப்பா அடுத்த வருசத்தை எதிர்பார்த்திருப்பார். அந்த ஒரு நம்பிக்கையைத்தான் அவர் துண்டில் முடிந்து தஞ்சாவூருக்குக் கொண்டுவந்திருந்தார்.

வந்தவர் தொட்டியைப் பார்த்துவிட்டு வாசலிலேயே நின்றார்.

"என்ன தண்ணி இது?"

"கடல் தண்ணிப்பா."

"அங்கதான் உப்பு. இங்கயும் கொண்டாந்து வச்சிருக்கியா?"

பல நாள் கூடத்துக்கே வரவில்லை. அரசாங்கம் கொடுத்த கலர் டிவியை ஊரிலிருந்து தூக்கி வந்திருந்தார்கள். அதை அடுப்படி வாசலில் வைத்து அங்கேயே உட்கார்ந்திருப்பார். மின்வெட்டுதான் அவரைக் கூடத்துக்கு இழுத்தது. அந்த வருசங்களின் மின்வெட்டு உங்களுக்கும் ஞாபகம் இருக்கும். தொட்டியின் பம்பு நின்றால் தண்ணீரில் காற்று குறையும், மீன் மேலே வந்து வாயைத் திறக்கும். ஒருநாள் ஆய்வகத்திலிருந்து வந்து பார்த்தால், அப்பா நாற்காலியில் ஏறி நின்று, மக்கால் தண்ணீரை மொண்டு உயரத்திலிருந்து ஊற்றிக்கொண்டிருந்தார். சட்டையெல்லாம் நனைந்திருந்தது. "வாயப் பொளந்துக்கிட்டு நிக்கிதுடா" என்றார்.

அன்றிலிருந்து தொட்டி அவருடையது. பழைய தண்ணீரை மாற்றும் நாளில், கழித்த உப்புத்தண்ணீரைக் கொல்லையில் ஊற்ற விடமாட்டார். வாளியைத் தூக்கிக்கொண்டு தார்ச்சாலையில் ஒன்றும் முளைக்காத இடம் வரைக்கும் நடப்பார். தினமும் தண்ணீர் ஆவியாகிக் குறையும். குறைந்த அளவுக்கு நல்ல தண்ணீர் ஊற்ற வேண்டும், கடல் தண்ணீர் கூடாது என்று நான் விளக்க ஆரம்பித்தேன். அவர் கையமர்த்தினார்.

"தண்ணி போயிரும். உப்பு எங்க போவும்? எனக்கு வந்து சொல்றியே."

சரி என்று அந்த வேலையை அவரிடம் விட்டேன்.

மழைக்காலம் தொடங்கும்போது சாமந்தி சுருங்கியது. விரல்கள் குட்டையாகி, வாய் பிளந்து, கல்லைப் பிடித்திருந்த பிடி விட்டது. உப்பின் அளவு சரி, சூடு சரி, மீன்கள் நன்றாகவே தின்றன. பாயிடம் போனில் சொன்னேன். "மீன் நல்லாருக்கு, சாமந்தி மட்டும் போவுதா? செம்பு இருக்கான்னு பாருங்க" என்றார். தண்ணீரை ஆய்வகத்துக்குக் கொண்டுபோய்ச் சோதித்தேன். செம்பு இருந்தது. மீன் தாங்கும் அளவு அது. சாமந்தி மாதிரி முதுகெலும்பில்லாத உயிர்கள் தாங்காது.

எங்கிருந்து என்று தேட வேண்டியிருக்கவில்லை. வீட்டுக்கு வந்தபோது அப்பா தண்ணீர் மொண்ட செம்போடு தொட்டியருகே நின்றுகொண்டிருந்தார். பக்கத்தில் அம்மாவின் செப்புக்குடம். வெள்ளிக்கிழமை தவறாமல் அம்மா அதைப் புளி போட்டுத் தேய்ப்பாள், தங்கமாக மின்னும். ராத்திரி தண்ணீர் பிடித்து வைத்துக் காலையில் அதைத்தான் குடிப்போம். குழாயில் வருவது அப்பாவுக்குச் சாதாரணத் தண்ணீர். மீனுக்குப் போய் அதையா ஊற்றுவது என்று, வீட்டிலேயே உசத்தியான தண்ணீரை மாதக்கணக்கில் ஊற்றி வந்திருக்கிறார்.

"அத ஊத்தாதீங்கப்பா" என்றேன். காரணத்தைச் சொன்னேன். தண்ணீர் ஆவியாகிவிடும், செம்பு தங்கிவிடும் என்றேன். அதற்கு மேல் அவருக்கு விளக்கம் தேவைப்படவில்லை.

அம்மாதான் பேசினாள். "நாமளும் அதத்தானே குடிக்கிறோம். நமக்கு ஒண்ணும் ஆவலயே."

அப்பா செம்பைக் கீழே வைத்தார். "எடுக்க முடியாதா?"

"முடியாதுப்பா."

"நல்ல தண்ணிய ஊத்தி ஊத்தி வடிச்சா?"

"தண்ணில இருக்கறது போவும். கல்லுல, மணல்ல ஏறுனது போவாதுப்பா. மொத்தமா தூக்கிப் போட்டுட்டுப் புதுசாத்தான் வைக்கணும்."

அவர் தொட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் தொட்டியைப் பற்றித்தான் சொன்னேன்.

மறுநாள் காலை சட்டை மாட்டிக்கொண்டு பட்டுக்கோட்டை பஸ் ஏறினார். ஊரில் யாருக்காவது உடம்புக்கு முடியவில்லையோ என்று நினைத்தோம். சாயங்காலம் வந்தவரின் கட்டைவிரலில் நீல மை இருந்தது. "நெலத்தக் குடுத்துட்டேன்" என்றார். அம்மா அடுப்படிக்குள் போனாள். குக்கர் விசில் அடித்தது. எனக்கு அழுகையும் வரவில்லை, கோபமும் வரவில்லை. வெகுநேரம் மடக்கி வைத்த கால் மாதிரி எல்லாம் மரத்திருந்தது. வயல் மண் வேறு, தொட்டிக் கல் வேறு என்று சொல்லியிருக்கலாம். மை காய்ந்துவிட்டிருந்தது.

சாமந்தியை எடுத்துப் போட்டோம். மீன்கள் சாகவில்லை. சாமந்தி இருந்த மொட்டைக் கல்லின் மேலேயே நின்று, இல்லாத விரல்களுக்குள் புரள்வதைப் போலப் புரண்டன. "எடத்த விட்டு நவுரல பாரு" என்று அம்மாதான் ஒருமுறை சொன்னாள்.

அடுத்த வருசமோ அதற்கடுத்த வருசமோ, மேட்டூர் நிரம்பிக் கடைமடை வரைக்கும் தண்ணீர் புரண்டு வந்தது. எங்கள் வயலைத் தாண்டி இருந்தவர்கள் கட்டிவைத்து வடித்து நட்டார்கள். நட்டது பச்சை பிடித்தது என்று ஊரிலிருந்து வந்தவர் சொன்னார். ஆறு கரைதொட்டு ஓடுவதை டிவியில் காட்டினார்கள். அப்பா பார்த்துக்கொண்டிருந்தார். "நல்லா வந்துருக்கு" என்றார். பிறகு எழுந்து, தொட்டிக்குத் தண்ணீர் ஊற்ற மக்கை எடுத்தார்.

"தம்பி, இது பிளாஸ்டிக்தானே?"

"பிளாஸ்டிக்தாம்ப்பா."

அதற்குப் பிறகு தினமும் கேட்டார். தெரியாமல் கேட்கவில்லை. கேட்டுவிட்டுத்தான் ஊற்றுவார். மீன்கள் போன பிறகு தொட்டியை ஒரு கல்லூரி மாணவன் வாங்கிப்போனான், குடத்தை அம்மா எதற்கோ போட்டு மாற்றிவிட்டாள். வயல் இருந்த இடத்தில் இறால் குட்டையின் காற்றுச் சக்கரங்கள் தண்ணீரை அடித்துக்கொண்டு சுற்றுகின்றன; பஸ்ஸிலிருந்து பார்த்தால் தெரியும். அப்பா போய்ச் சில வருடம் ஆகிறது.

பல் மருத்துவரின் காத்திருக்கும் அறையில் ஒரு பையன் வந்து தொட்டியில் தண்ணீர் ஊற்றினான். அவன் கையில் என்ன பாத்திரம் என்று எட்டிப் பார்த்தேன். பிளாஸ்டிக்தான்.