ஜெயந்தினி விலக்கிய திரை

அட்டனில் ஒரு காப்புறுதிக் கம்பனி கிளை திறந்தபோது, வேலை கேட்டு வந்தவர்களில் ஜெயந்தினியைவிட நல்ல பெறுபேறு வைத்திருந்தவர்கள் பலர். ஆனாலும் வேலை அவளுக்குத்தான் கிடைத்தது. வட்டவளைத் தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் பிறந்தவள். கண்டியில் ஒரு துணிக்கடையில் நின்று சிங்களத்தைப் பழகிக்கொண்டவள். அந்தச் சம்பளத்தில் ஆங்கில வகுப்புக்கும் போனவள். முகாமையாளர் ரத்நாயக்க நேர்முகத்தில் மொழியை மாற்றி மாற்றிக் கேள்வி கேட்டார். எந்த மொழியில் கேள்வி போனதோ அந்த மொழியிலேயே பதில் வந்தது.

கடைசியாக அவர் கேட்டார்: "தோட்டத்து ஆட்கள் மட்டுமில்லை, கடைவீதி முஸ்லிம் முதலாளிமாரும் நமக்கு வாடிக்கையாளர்கள். அவர்களையும் பார்த்துக்கொள்வாயா?"

"அவங்களும் தமிழ்தானே சேர் பேசுறாங்க. ஒரு பிரச்சினையும் இல்ல" என்றாள்.

ஆறு மாதம் சோதனைக் காலம் என்று எடுத்தார்கள். அவளுடைய அப்பா சின்னராசா லயம் முழுக்கச் சொல்லித் திரிந்தார். "எம்மக மூணு பாஷைக்கு வேலை பாக்குறா." பக்கத்துக் காம்பராக்காரர் விடவில்லை. "அப்ப சம்பளமும் மூணாண்ணே?" அப்பா சிரித்தார். ஆனால் அந்த வேலை நிரந்தரமாகாவிட்டால் அவள் திரும்பவும் கண்டித் துணிக்கடைக்குத்தான் போக வேண்டும் என்பது அப்பா, மகள் இரண்டு பேருக்குமே தெரியும்.

ஐந்தாம் மாதத்தில், பாத்திரக் கடை சரிபுதீன் முதலாளி நெஞ்சுவலியில் இறந்துபோனார். சின்ன வயதில் ஜெயந்தினி அம்மாவோடு போய் டிபன் கெரியர் வாங்கிய கடை அது. முதலாளி ஆயுள் காப்புறுதி செய்திருந்தார். பணம் மனைவி சுபைதாவுக்குச் சேர வேண்டும். கம்பனி அலுவலர் ஒருவர் அவரை நேரில் கண்டு, அடையாள அட்டையோடு படமெடுத்து, மூன்று மாதத்துக்குள் கொழும்புக்கு அனுப்பிவிட வேண்டும். சோதனைக் காலத்தில் இருப்பவர்கள் படமெடுக்க முடியாது. ஆகவே நிரஞ்சன் என்ற அலுவலரும் கூட வர வேண்டும்.

நிரஞ்சன் அடுத்த வாரமே போகலாம் என்றான். ஜெயந்தினிதான் தடுத்தாள். "இழவு வீட்டுக்கு இப்பப் போய் நிக்கக் கூடாது அண்ணே. பதினாறு முடியட்டும்." லயத்தில் அப்படித்தான். பதினாறாம் நாள் காரியம் முடிந்தால் துக்கம் கழிந்தது. அதன்பிறகு யாரும் எதற்கும் வரலாம். தனக்கு இந்த அளவுக்கு இங்கிதம் தெரிந்திருக்கிறதே என்று அவளுக்கு உள்ளூரப் பெருமைகூட.

பதினாறு கழிந்ததும் அந்த வீட்டுக்கு அழைப்பு எடுத்தாள். மகள் முனீரா பேசினாள். "உம்மாவப் பாக்கவா? நீங்கதானே வாறீங்க மிஸ், வாங்க" என்றாள்.

வீடு கடைக்கு மேலே மாடியில். அவர்கள் போனபோது கதவு பாதி திறந்திருந்தது. முனீரா வந்து எட்டிப் பார்த்தாள். பின்னால் நின்ற நிரஞ்சனைக் கண்டதும் அவள் முகம் மாறியது. "உம்மா உள்ளுக்கு இருக்காங்க… கொஞ்சம் நில்லுங்க, நானாவக் கூப்பிடுறேன்" என்று அண்ணனை அழைக்கப் போனை எடுத்துக்கொண்டு சமையலறைப் பக்கம் ஓடினாள்.

ஜெயந்தினி நிற்கவில்லை. ஒற்றை அறைக் காம்பராவில் பிறந்து வளர்ந்தவளுக்கு, வந்தவர் நிற்க ஓர் இடம், வீட்டுப் பெண்கள் இருக்க வேறோர் இடம் என்பது பழக்கத்திலேயே இல்லை. பெரிய கூடத்தின் அந்தப் பக்கம் ஒரு திரை தொங்கியது. "சுபைதாம்மா, கம்பனியிலருந்து வந்திருக்கோங்க" என்றபடி அதை விலக்கினாள். நிரஞ்சன் போனை உயர்த்திப் பிடித்தபடி பின்னாலேயே வந்தான்.

வெள்ளை உடுத்த ஒரு பெண் பாயில் உட்கார்ந்திருந்தார். அவர் இவர்களைப் பார்த்தது ஒரு கணம்தான். அடுத்த கணம் சுவர்ப் பக்கம் திரும்பி முகத்தை முழங்காலில் புதைத்துக்கொண்டார். பக்கத்தில் இருந்த வயதான பெண் தன் முக்காட்டுத் துணியை உருவி அவர் மேல் போர்த்தினார். அந்த முதுகு குலுங்கியது மட்டும் தெரிந்தது. ஜெயந்தினி திரையை இழுத்து மூடினாள். என்ன நடந்தது என்று புரியாமலேயே, ஏதோ பெரிய பாதகம் செய்துவிட்டோம் என்று மட்டும் அவளுக்குத் தெரிந்தது.

மகன் அக்ரம் கடையிலிருந்து மூச்சிரைக்க ஏறி வந்தார். நிரஞ்சனை வெளியே கூட்டிப் போய் நிறுத்திவிட்டு இவள் முன்னால் வந்து நின்றார்.

"தங்கச்சி, வாப்பா போனதிலருந்து உம்மா இத்தா இருக்காங்க. வெளி ஆம்பளைங்க பாக்கப்படாது. நாலு மாசமும் பத்து நாளும்."

"பதினாறு முடியட்டும்னுதான் இருந்தோம் நானா…"

"என்ன பதினாறு?"

"எங்க பக்கத்துக் காரியம்…" என்று அவள் தொடங்கினாள்.

"அந்நிய ஆள் எவனாச்சும் வந்து திறந்திருந்தா, அறியாதவன்னு விட்டிருப்பேன். நீங்க நம்ம கடையில சாமான் வாங்கி வளந்த புள்ள. ஒரு வார்த்த கேட்டிருக்கலாமே" என்றார் அக்ரம். குரலை உயர்த்தவே இல்லை. உயர்த்தித் திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது அவளுக்கு.

அலுவலகத்தில் நடந்ததைச் சொன்னாள். ரத்நாயக்க கோபப்படுவார் என்று நினைத்தாள். அவர் கோபப்படவில்லை, திகைத்துப் போனார். "உனக்குமா தெரியாது?" என்றார். பிறகு மெதுவாகச் சொன்னார்: "அக்ரம் கோபத்தில் கடைவீதியையே வேறு கம்பனிக்குக் கூட்டிக்கொண்டு போனால், உன்னை நிரந்தரமாக்கச் சொல்லி நான் கொழும்பில் கேட்க முடியாது."

அன்று பஸ்ஸில் வட்டவளைக்குப் போகும்போது அவளுக்கு அழுகை வரவில்லை. அதிர்ச்சிதான் இருந்தது. இருபத்து மூன்று வருஷமாக அக்கம்பக்கம், ஒரே மொழி. அந்த மாடியில் மனிதர்கள் எப்படித் துக்கம் காக்கிறார்கள் என்று ஒரு நாளாவது கேட்டாளா?

இத்தா முடியும்வரை காத்திருந்தால் கொழும்பின் கெடு கடந்துவிடும். ஆகவே கண்டிக் கிளையிலிருந்து மெனிக்கே என்ற பெண் அலுவலரை வரவழைத்தார்கள். அவருக்குத் தமிழ் தெரியாது. மொழிபெயர்க்க ஜெயந்தினி போக வேண்டும். அக்ரமிடம் மன்னிப்புக் கேட்டு, அவர் தலையசைத்த பிறகுதான் போனாள். மெனிக்கே வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிட்டு, முனீரா வந்து அழைக்கும்வரை அசையாமல் நின்றார்.

உள்ளே ஜெயந்தினி மொழிபெயர்க்க வாயைத் திறந்தாள். அதற்குள் சுபைதா மெனிக்கேயிடம் சிங்களத்தில் பேசத் தொடங்கிவிட்டார். ஜெயந்தினியின் சிங்களத்தைவிடத் தெளிவான சிங்களம்.

அவள் விழிப்பதைப் பார்த்து சுபைதா சொன்னார்: "கம்பளையில சிங்களப் பள்ளிக்கூடத்திலதான் நான் படிச்சேன், மகள்."

அவளை எதற்காக வேலைக்கு எடுத்தார்களோ, அது அந்த அறையில் யாருக்கும் தேவைப்படவில்லை. படமெடுத்தாயிற்று, கையெழுத்தும் ஆயிற்று. அவள் பாயின் ஓரத்தில் சும்மா உட்கார்ந்திருந்தாள்.

"பதினாறுன்னு மகன்கிட்டச் சொன்னீங்களாம்" என்றார் சுபைதா. "அதுக்குப் பொறகு உங்க பக்கத்தில புருஷன் போன பொம்பளைங்க என்ன செய்வாங்க?"

"மலைக்குப் போவாங்கம்மா. கொழுந்தெடுக்க."

"பதினேழாம் நாளா?"

"அதுக்கு முன்னாடியே போறவங்களும் இருக்காங்க. எங்க சின்னம்மா நாகலெட்சுமி சித்தப்பாவ அடக்கம் பண்ணி நாலாவது நாள் பெரட்டுக்குப் பேர் குடுக்கப் போயிட்டாங்க. போகாட்டி அந்த நாளுக்குச் சம்பளம் இல்லீங்களே."

சுபைதா வாயைக் கையால் மூடிக்கொண்டார். "யா அல்லாஹ். அந்தப் புள்ள எப்ப அழுதிச்சு?"

சின்னம்மா பக்கத்துக் காம்பராவில்தான் இருந்தார். இந்தக் கேள்வியை அவரிடம் யாரும் கேட்டதில்லை, ஜெயந்தினியும் கேட்டதில்லை.

பணம் நேரத்துக்குக் கிடைத்தது. அக்ரம் கடைவீதியைக் கூட்டிக்கொண்டு போகவில்லை. ஆனால் கொழும்பு அவளை நிரந்தரமாக்கவும் இல்லை. சோதனைக் காலத்தை இன்னும் மூன்று மாதம் நீட்டியது. "மொழிக்கு முழுப் புள்ளி கொடுத்திருக்கிறார்கள். ஆட்களைப் புரிந்துகொள்வதற்குக் கொடுக்கவில்லை" என்றார் ரத்நாயக்க.

அடுத்து வந்தது உடப்புசல்லாவையில் ஒரு தோட்டத்து வீடு. மனைவியை இழந்த சிவசாமி என்பவர். அவளைப் போலவே லயத்துக்காரர். அழைப்பெடுத்து, எந்த நாளில் வரலாம், யார் யார் வரலாம், வீட்டில் எங்கே இருந்து பேசலாம் என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள்.

மறுமுனையில் சிரிப்புச் சத்தம். "என்ன மிஸ், பொண்ணு பாக்க வர்ற மாதிரி கேக்குறீங்க? நம்ம ஆளுகதானே, சும்மா வாங்க."

ஜெயந்தினி சிரிக்கவில்லை. "இல்லீங்க, நீங்க சொல்லுங்க" என்றுவிட்டுக் காத்திருந்தாள்.