சித்தி ஒப்படைத்த சாவி

வீட்டுச் சாவியைக் கொடுத்துவிட்டு வந்ததைச் சொன்னபோது சித்தியின் முகத்தில் நிம்மதி இருந்தது. எண்பதுகளின் பிற்பகுதி. நான் ஈப்போ நகரில் ஒரு வக்கீல் அலுவலகத்தில் தட்டச்சராக இருந்தேன். பீடோர் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் காலமெல்லாம் பால் வெட்டிய சித்தியை, நிலத்தை விற்கப் போவதாகச் சொல்லி, தோட்டத்திலேயே கொடுத்திருந்த லயத்து வீட்டைக் காலி செய்யச் சொன்னது நிர்வாகம். எங்கள் வக்கீல் வழக்குப் போட்டார். மாற்று வீடு தரும்வரை சித்தி அங்கேயே இருக்கலாம் என்று தீர்ப்பு வந்தது. நிர்வாகம் மேல்முறையீட்டுக்குப் போனது.

தீர்ப்பைச் சித்திக்குத் தமிழில் எடுத்துச் சொன்னவன் நான்தான். "இனிமே இதுல யாரும் கை வைக்க முடியாது சித்தி" என்றேன். எதையும் அடித்துப் பேசும் வயது.

சில மாதங்களில் நாட்டின் தலைமை நீதிபதியையே பதவியிலிருந்து இறக்கினார்கள். அரசாங்கத்துக்குப் பிடிக்காத தீர்ப்புகள்தான் காரணம் என்று வக்கீல்கள் தங்களுக்குள் குசுகுசுத்தார்கள். வானொலியில் செய்தி கேட்ட சித்தி, யாரிடமும் ஒரு வார்த்தை கேட்காமல், சட்டிபானையைக் கட்டினார். தோட்ட அலுவலகத்தில் கணக்கெழுதும் கிராணியிடம் சாவியை நீட்டிவிட்டு, சிம்பாங் பூலாயில் மகன் வீட்டுக்கு வந்துவிட்டார். தானாகவே வீட்டை ஒப்படைத்ததாகக் கிராணி மறக்காமல் கையெழுத்தும் வாங்கிக்கொண்டார். அடுத்த வாரமே வீட்டை இடித்துவிட்டார்கள்.

"ஏன் சித்தி இப்படிப் பண்ணீங்க?"

"பெரியவரையே தூக்கிட்டாங்கன்னா கோர்ட்டுல சொன்ன பேச்சு நிக்குமா லா? பழைய தொர நம்மள மாட்டுக் கொட்டாய் போட்டுக்கச் சொன்னாரு. புதுத் தொர வந்த மறுநாளே பிரிச்சுப் போட்டான். இவங்களும் வந்து சாமான வெளிய வீசறதுக்குள்ள நாமளே எறங்கிட்டா மரியாதையா இருக்கும்ல?"

தோட்டத்தில் அதுதான் வழக்கம். மேலாளரான துரை போனால் அவர் வாக்கும் போயிற்று. நீதிமன்றம் அப்படியில்லை, உங்களுக்குத் தீர்ப்புச் சொன்னவர் வேறொரு நீதிபதி, அவர் இன்னும் பதவியில்தான் இருக்கிறார் என்று விளக்கினேன்.

"மேல இருக்கிறவருக்கே அந்தக் கதின்னா, இவரு பயப்பட மாட்டாரா தம்பி?"

மறுநாள் அதையே வக்கீலிடம் கேட்டேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, "தெரியலப்பா" என்றார். அவர் வாயிலிருந்து அந்தச் சொல்லை நான் அதுவரை கேட்டதில்லை.

சித்தி அவசரப்பட்டு வீட்டைத் தொலைத்தார் என்று பல வருடம் கோபத்தோடு சொல்லித் திரிந்தேன். இப்போது அப்படிச் சொல்ல வாய் வரவில்லை. எங்களில் யார் தவறு செய்தது என்று யோசிக்க யோசிக்கக் குழம்பித்தான் போகிறேன்.

வீடே இல்லையென்று ஆன பிறகு நிர்வாகம் மேல்முறையீட்டைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. சித்திக்குச் சாதகமான அந்தத் தீர்ப்பை எந்த நீதிபதியும் மாற்றவேயில்லை. சித்தி மகன் வீட்டுக் கூடத்தில் பாய் விரித்துப் படுத்தே கடைசிக் காலத்தைக் கழித்தார்.